இரவு வேலை

சயான் சர்க்கிளில் இரண்டாவது மாடி.
இடது கீழ்க் கடைவாய்ப்பல்.
வேர் இரண்டும் வளைந்து
எலும்பைக் கட்டிப் பிடித்திருந்ததாம்.
பிடுங்கியதைக் காகிதத்தில் மடித்துத் தந்தார் டாக்டர் பெர்வின் தாருவாலா.
வேண்டாமென்று சொல்ல வாய் இல்லை.
லோக்கல் பாஸ் வைக்கும் அறையில்
இன்னும் கிடக்கிறது அது.

"ஸ்ட்ரா வேண்டாம். துப்பாதே. நாக்கால் துழாவாதே.
குழிக்குள் ரத்தம் உறைந்து மூடி போட்டிருக்கும்.
அது பிய்ந்தால் நீயே ஓடி வருவாய்."
அவருடையது பார்சி இந்தி,
என்னுடையது தமிழ் இந்தி,
இப்போது அதில் ஒரு பல்லும் குறைவு.

பில்லின் பின்பக்கம் எழுதி நீட்டினேன்:
வலி மாத்திரை போட்டால்
புண் ஆறுவது தள்ளிப்போகுமா?
(ஆபீஸ் சுபாங்கி போட்ட குண்டு இது.)

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"எலிகளின் தாடையில் பார்த்திருக்கிறார்கள்.
எலும்பு வளரக் கொஞ்சம் தாமதமானதாம்.
மனுஷங்களுக்கு? உறுதியாய்த் தெரியாது.
ரெண்டு மூணு நாள் போடு, வீரம் காட்டாதே.
அதுக்கு மேல் இழுத்துக்கொண்டே போகாதே."

பத்தொன்பது வருஷமாய் இந்த ஊரில் இருக்கிறேன்.
தெரியாது என்பதை இவ்வளவு தெளிவாய்
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐபுப்ரோஃபென்.
மருந்துக் கடைக்காரர் கத்தரியால் பத்தை வெட்டினார்.

எங்கள் தெருவில் மூன்று வாரமாய்ச் சாக்கடை வேலை.
ராத்திரி பூராவும் டிரில்லர்.
ஜன்னல் கண்ணாடிக்கே பல் ஆடியது.
சொசைட்டி புகார்க் கடிதத்தில்
ஏழாவது கையெழுத்து என்னுடையது.
அன்றுதான் உத்தரவு வந்ததாம்,
பத்து மணிக்கு மேல் மெஷின் கூடாது என்று.
நானும் பத்து மணிக்குத்தான் மாத்திரை போட்டேன்.
வெளியிலும் உள்ளேயும் ஒரே நேரத்தில் ஓய்ந்தது.
செத்தவள் மாதிரி தூங்கினேன்.

இரண்டரைக்கு விழிப்பு. தாகம்.
கீழே பள்ளம் வாயைத் திறந்தபடி,
சுற்றிலும் மஞ்சள் தடுப்பு,
அடியில் தேங்கிய நீரில் டியூப்லைட் துண்டு.
குழாய்களின் மேல் ஆறு பேர் தூங்கினார்கள்,
ஹெல்மெட்தான் தலையணை.
சத்தம் இல்லை.
பள்ளமும் ஓர் அங்குலம் மூடவில்லை.

கன்னத்தைத் தொட்டேன்.
இந்தச் சூடும் வீக்கமும் விண்விண்ணும்
வெறும் கூச்சல் இல்லையோ?
செங்கல் சுமந்து இறங்குகிறவர்களே
கத்தவும் செய்கிறார்களோ?
அவர்களை நான்தான்
படுக்கப் போகச் சொல்லிவிட்டேனோ?

ரொம்ப அழகாய்ப் பொருந்துகிறது, அதனாலேயே சந்தேகம்.
என் தாடை எலியின் தாடை இல்லை.
தவிர, நாலாம் மாடிக் கைக்குழந்தை
மூன்று வாரத்தில் அன்றுதான்
விடியும்வரை தூங்கியது.
அதையும் கணக்கில் எழுதத்தானே வேண்டும்.

மூன்று நாள் போட்டேன். நாலாம் நாள் நிறுத்தினேன்.
பட்டையில் நாலு மிச்சம்.
சாயங்காலம் வலி வந்தது,
பெல் அடிக்காமல், செருப்போடு.
உட்கார் என்றேன்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்,
எனக்குச் சொல் திரும்பிக்கொண்டிருந்தது
கொஞ்சம் வீங்கி, ழகரம் மட்டும் வழுக்கி.

இருட்டும்போது கேட்டருகே
பள்ளத்து ஆள் ஒருவன். பிர்ஜுவாம்.
தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு
வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்,
"தர்த் கீ கோலி, ஒண்ணாவது."
இனி பகலில்தான் டிரில்லர்,
வெயிலோடு சேர்த்துச் சுமக்கிறான்.
ஏழாவது கையெழுத்து கையில் குறுகுறுத்தது.

அல்சர் உண்டா, வேறு மருந்து உண்டா,
எனக்குத் தெரிந்த கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு
இரண்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
"சாப்பிட்டுவிட்டுப் போடு,
வெறும் வயிற்றில் கூடாது," என்றேன்,
வீங்கிய வாயால், சுத்தமான இந்தியில்.

தமிழில் பேசிவிட்டதைப் போல
என்னையே பார்த்தான்.